முன்விளக்கின் பக்கத்தில் நின்றவர்

ஆட்களை அழிப்பதுதான் அப்போது என் வேலை. பயப்பட வேண்டாம், கம்ப்யூட்டரில்தான். திருப்பூரில் பனியன் துணியில் படம் அச்சடிக்கும் ஒரு பட்டறையில் டிசைனராக இருந்தேன். இரண்டாயிரங்களின் நடுவில் வெளிநாட்டுப் பையர்களுக்கு, அதாவது எங்களிடம் சரக்கு எடுப்பவர்களுக்கு, பழைய வண்டிகளின் மேல் திடீரென்று ஆசை பிறந்திருந்தது. பழைய கார், டிராம் வண்டி, மாடி பஸ், மூன்று சக்கர வேன். சிறு பையன்களின் பனியனில் எதையாவது ஒன்றை நெஞ்சில் ஓட்டிவிட வேண்டும். அதற்கான பழைய போட்டோக்களைத் தேடி எடுப்பதும், அச்சுக்கு ஏற்றபடி சுத்தம் செய்வதும் என் பொறுப்பு.

அந்தப் போட்டோக்களைத் தேடுவது எனக்குப் பிடித்திருந்தது. இன்டர்நெட் அப்போது நத்தை வேகம். படம் மேலிருந்து கீழே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். முதலில் வானம் வரும், பிறகு பஸ்ஸின் கூரை, ஜன்னல்கள், சக்கரம். அதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். முழுப் படமும் வந்து நின்றதும் நான் முதலில் பார்ப்பது வண்டியை அல்ல, ஓரத்தில் நிற்கும் ஆட்களை. மகனின் தோளில் கை போடுவது போல பானட்டில் கை வைத்திருக்கும் ஒருவர். டிராம் படியில் தொங்கிக்கொண்டு சிரிக்கும் கண்டக்டர். ஜன்னலுக்குள்ளிருந்து யாரோ கூப்பிட்டதுபோல எட்டிப் பார்க்கும் ஒரு பெண். வண்டியைத்தான் படம் எடுக்கிறார்கள், நம்மை இல்லை என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் முகத்தைத் தயார் செய்துகொள்ளாமல் நிற்பார்கள். கல்யாணப் போட்டோவில் கிடைக்காத நிஜமான முகம் இந்த வண்டிப் போட்டோக்களில்தான் கிடைக்கும் என்பது என் எண்ணம். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆனால் பையர்களுக்கு ஆள் ஆகாது. யாரென்று தெரியாத ஒருவரின் முகத்தை அனுமதி இல்லாமல் விற்கக்கூடாது என்று அவர்கள் ஊரில் சட்டமாம். வண்டி மட்டும் வேண்டும். ஆகவே ஒவ்வொருவராக அழிப்பேன். பக்கத்தில் இருக்கும் சுவரையோ மரத்தையோ அள்ளி ஆளின் மேல் பூசிக்கொண்டே போனால் ஆள் மறைந்துவிடுவார். காலில் ஆரம்பித்து மேலே போவதுதான் என் வழக்கம். நிழல் காலடியில்தான் இருக்கும். அதை விட்டுவிட்டால் ஆள் போன பிறகும் நிழல் மட்டும் தரையில் கிடந்து காட்டிக் கொடுத்துவிடும். ஒருமுறை ஒரு காரின் பானட்டில் நான்கு விரல்களை விட்டுவிட்டேன். பையரிடமிருந்து படம் திரும்பி வந்தது. மேஜையில் அச்சடிக்கும் மாஸ்டர் கோயமுத்தூர்க்காரர். அன்றைக்கு முழுக்க, "எமன்கூட இந்த மாதிரி அரைகுறையா வுடமாட்டானுங்க" என்று என்னைக் கிண்டல் செய்தார். நானும் சிரித்தேன்.

என் வாய் கொஞ்சம் நீளம். பட்டறையில் எல்லோரும் எனக்குப் பயப்படுவார்கள். ஒரு தடவை பையர் வேண்டாம் என்று சொன்ன பழைய படத்தை யாரோ தவறுதலாக எடுத்து அச்சுக்கான ஃபிலிம் போட்டு, மொத்தச் சரக்கும் தப்புப் படத்தோடு அச்சாகிவிட்டது. முதலாளியிடம் திட்டு வாங்கியது நான். அன்றிலிருந்து நானே ஒரு சட்டம் போட்டேன். பையர் சரி என்று சொன்ன கடைசிப் படம் மட்டும்தான் கம்ப்யூட்டரில் இருக்க வேண்டும். அதற்கு முந்தைய எதுவும், ஸ்கேன் செய்த மூலம்கூட, இருக்கக்கூடாது. சரி என்று பதில் வந்த அரை மணி நேரத்தில் மற்றதையெல்லாம் நானே உட்கார்ந்து அழித்துவிடுவேன். வேறு யாராவது பழையதை வைத்திருந்தால் பிடிபிடியென்று பிடிப்பேன்.

ஒருநாள் முதலாளி என் மேஜைக்கு வந்தார். தோட்டம் துரவு இருந்த குடும்பம், பனியனுக்கு வந்து பெரிய ஆளானவர். எவ்வளவு அவசரமானாலும் குரல் உயராது.

"அம்மிணி, அந்தப் பையரம்மா இண்டர்நெட்டுல இருக்கறதெல்லாம் வேண்டாங்குது. எல்லாத்தையும் ஊரே அடிச்சுத் தள்ளீருச்சுங்குது. யாருமே பாக்காத பழைய வண்டிப் படம் எங்காச்சும் கெடைக்குமா?"

யோசிக்கவே இல்லை நான். "எங்க வீட்ல ஒண்ணு இருக்கு சார். எங்கப்பா ஓட்டுன பஸ்" என்றேன். பெருமை தாங்கவில்லை எனக்கு. அந்தப் பெருமையின் மேல்தான் இன்று எனக்குக் கோபம்.

என் அப்பா கோவில்பட்டிப் பக்கம் ஒரு தனியார் பஸ் கம்பெனியில் டிரைவராக இருந்தவர். முன்னால் மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும் பழைய மாதிரி பஸ். எழுபதுகளில் ஓர் ஆயுத பூஜை அன்று, வண்டியைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு நிறுத்தியிருந்தபோது அதன் முதலாளி ஸ்டூடியோக்காரரைக் கூட்டி வந்து படம் எடுத்தார். அப்பாவை யாரும் நிற்கச் சொல்லவில்லை. முன்விளக்கின் பக்கத்தில், ஒரு சாண் தள்ளி நின்றிருந்தார். வண்டியில் சந்தனம் ஈரமாக இருந்ததால் தொடாமல் நின்றாராம். முன்விளக்குக்கும் குங்குமப் பொட்டு, அப்பாவின் நெற்றியிலும் பொட்டு. அப்பாவுக்கு என்று இருந்த ஒரே படம் அதுதான். அப்பா அம்மா கல்யாணத்தில் போட்டோ எடுக்க வசதி இல்லை. லைசென்ஸில் ஒரு படம் இருந்தது. நான் ஒன்பதாவது படிக்கும்போது அப்பா இறந்தார். அந்த லைசென்ஸை அம்மா அவர் சட்டைப் பையிலேயே வைத்து அனுப்பிவிட்டாள். அது இல்லாமல் அங்கே போய் என்ன வண்டியை ஓட்டுவார் என்று கேட்டாள்.

அதன் பிறகுதான் நானும் அம்மாவும் பிழைக்கத் திருப்பூர் வந்தோம். மண்ணரைப் பகுதியில் ஒரு லைன் வீடு. அம்மாவுக்கு ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் பனியன்களை மேஜையில் விரித்துப் பார்த்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, கோணல் தையல், அச்சுப் பிசகு எதுவானாலும் கண்டுபிடித்து ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்க வேண்டும். அம்மாவின் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது. அவள் சரி என்று தள்ளிய பீஸ் திரும்பி வந்ததாகச் சரித்திரமே இல்லை என்று சூப்பர்வைசரே சொல்வார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் இடது கைச் சுவரில் அந்தப் படம் தொங்கியது. எதிரே நின்று பார்த்தால் பஸ்ஸின் மூக்கு இடது பக்கம், வாசலை நோக்கி இருக்கும். அப்பாவும் அந்த வாசல் பக்கத்து ஓரத்தில். "டூட்டிக்குக் கெளம்புத மாதிரியே நிக்காக பாரு" என்பாள் அம்மா. வெள்ளிக்கிழமைதோறும் கண்ணாடியைத் துடைத்து அப்பாவின் நெற்றியில் பொட்டு வைப்பாள். நாள்பட்டுக் கண்ணாடியில் அந்த இடம் மட்டும் லேசாகச் சிவந்துவிட்டது.

நான் கேட்டதும் அவள் உடனே தரவில்லை. காய் நறுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எத்தன நாளு?"

"ரெண்டே நாளும்மா. மெஷின்ல வச்சு எடுத்துட்டுத் தந்துருவேன். அப்பா பஸ்ஸ வெளிநாட்டுப் பிள்ளைகள்லாம் போட்டுக்கிட்டுத் திரியும்."

"பஸ்ஸ நீ என்னவும் பண்ணிக்கோ. அவுகளுக்கு ஒண்ணும் ஆவக் கூடாது" என்றாள். ஆணியிலிருந்து தானே இறக்கி, பின்பக்கத்துக் குட்டி ஆணிகளைக் கத்தி முனையால் நெம்பி, படத்தை உருவி, என் பழைய நோட்டுக்குள் வைத்துக் கொடுத்தாள். வெறும் சட்டத்தை மறுபடி சுவரில் மாட்டினாள்.

மறுநாள் காலை ஸ்கேன் செய்தேன். வாழைக்கன்றை எடுத்தேன், மாலையை எடுத்தேன், கம்பெனிப் பெயரையும் நம்பரையும் எடுத்தேன். பிறகு அப்பாவை எடுக்க ஆரம்பித்தேன். எப்போதும் போலக் காலில் இருந்து. படத்தை அவ்வளவு பெரிதாக்கி வைத்து வேலை செய்யும்போது ஆள் தெரியமாட்டார், சின்னச் சின்னச் சாம்பல் கட்டங்கள்தான் தெரியும். செருப்பு, காக்கிக் கால்சட்டை, சட்டைப் பை, கழுத்து என்று மேலே போனேன். முகத்துக்கு வந்தபோது சாப்பாட்டு பெல் அடித்துவிட்டது. இன்னும் கொஞ்சம்தானே என்று முகத்தையும் முடித்துவிட்டுத்தான் டப்பாவைத் திறந்தேன். எலுமிச்சை சாதம். ருசித்துச் சாப்பிட்டேன். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் என்னால் ஜீரணிக்க முடியாதது இதுதான். மற்றவையெல்லாம் தவறு என்று சொல்லலாம், இதை என்னவென்று சொல்வது?

படத்தைப் பார்த்த பையரம்மாவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். ஒரே ஒரு குறை சொன்னார். நம் ஊரில் வண்டி சாலையின் இடது ஓரமாகப் போகும், பஸ்ஸின் படியும் இடது பக்கம். அவர்கள் ஊரில் எல்லாம் வலது. இந்தப் படியில் இறங்கினால் பிள்ளைகள் நடுரோட்டில் அல்லவா நிற்கும் என்று எழுதியிருந்தார். எனக்கு அது ஒரு நொடி வேலை. கண்ணாடியில் தெரிவதுபோல் படத்தை இடம் வலமாகத் திருப்பிவிட்டேன். இடது பக்கம் பார்த்த மூக்கு வலது பக்கம் போனது, முன்விளக்கும் அதோடு போனது, படி அவர்கள் ஊருக்கு ஏற்றபடி அமைந்தது. சரி என்று பதில் வந்தது. என் சட்டப்படி அரை மணி நேரத்துக்குள் ஸ்கேனை அழித்தேன். நிஜப் படம்தான் பத்திரமாக இருக்கிறதே என்று நினைத்தேன்.

பத்திரமாக என்றால், அந்த ஆர்டருக்கான அட்டையில் இருந்த பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்தேன். பட்டறையில் ஒரு காகிதமும் தொலையாத இடம் அது ஒன்றுதான். அச்சடித்த துணித் துண்டு, வண்ண மாதிரி, படத்தின் மூலம் எல்லாம் அந்த அட்டையில்தான் இருக்கும். வழக்கமாக மூலம் என்பது பையர் கொடுத்ததாகவே இருக்கும். பத்திரிகையிலிருந்து கிழித்த தாளோ, பழைய பனியன் துண்டோ. வேலை முடிந்ததும் துணி மாதிரி ஒன்றை நாங்கள் வைத்துக்கொண்டு, அட்டையை மூலத்தோடு பையருக்கே திருப்பி அனுப்பிவிடுவோம். ஒரு டிசைனர் தன் வீட்டுச் சுவரில் தொங்குவதைக் கொண்டுவந்து அதில் வைப்பாள் என்று யார் நினைப்பார்கள்? வைத்த நானாவது ஒரு சீட்டு எழுதி ஒட்டியிருக்க வேண்டும். ஊருக்கெல்லாம் சாஸ்திரம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான்.

இரண்டு நாள் பத்து நாளானது. அவசர வேலைகள். தினமும் சாயங்காலம் அம்மா, "கொண்டாந்தியா?" என்று கேட்பாள். "நாளைக்கும்மா" என்பேன். ஒருநாள் நினைவாகப் போய் அட்டையைத் தேடினால், அட்டையே இல்லை. பையரோடு பேசி ஆர்டரைப் பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசர் தம்பியிடம் ஓடினேன்.

"அதுங்களா? அப்ரூவல் ஆயிருச்சில்லீங்க்கா, போன திங்கக்கெழமையே கூரியர் போட்டாச்சுங்களே."

"உள்ள ஒரு போட்டோ இருந்துச்சே. அது எங்கப்பா படம்."

அவன் முகம் வெளுத்துவிட்டது. "அதுல ஆளு இருந்தாங்களா? நான் வண்டியத்தானுங்க்கா பாத்தேன்."

அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. வண்டியை மட்டும் பார்க்கும்படி அந்தப் பட்டறையையே பழக்கியவள் நான். முதலாளி அன்றே பையருக்கு எழுதச் சொன்னார், இரண்டு முறை போனும் போட்டார். நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது. துணி மாதிரியை வெட்டித் தங்கள் கோப்பில் வைத்துக்கொண்டு மற்றதைக் குப்பையில் போட்டுவிடுவதுதான் வழக்கமாம். அது கம்ப்யூட்டரில் எடுத்த பிரதி என்று நினைத்தார்களாம். மிகவும் வருந்துகிறார்களாம். பஸ் மட்டும் மிக அழகாக இருப்பதாகவும் எழுதியிருந்தார்கள். அழித்த ஸ்கேனை மீட்க ஊரில் இருந்த கம்ப்யூட்டர் மெக்கானிக்குகளில் பாதிப் பேரைக் கூட்டி வந்து பார்த்தேன். அந்த இடத்தில் வேறு பத்து ஆர்டர்களின் படங்கள் உட்கார்ந்திருந்தன. தும்பை விட்டு வாலைப் பிடித்து என்ன பயன்.

அம்மாவிடம் சொல்ல மேலும் மூன்று நாள் எடுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது சொன்னேன். அழித்தது, அனுப்பியது, குப்பைக்குப் போனது எல்லாம். அவள் கத்துவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் தேவலை. மடித்த சேலையை மறுபடி உதறி மறுபடி மடித்தாள்.

"தெரிஞ்சா செஞ்ச? விடு" என்றாள். அடுத்த சேலையை எடுத்துக்கொண்டே, "அந்த பஸ்ஸுப் படமாவது ஒண்ணு கொண்டா. சட்டம் சும்மாதான கெடக்கு" என்றாள்.

அச்சுத் துணி ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதைத் தேய்த்து, அட்டையில் இழுத்துத் தைத்து, அதே சட்டத்தில் அவளே போட்டாள். கண்ணாடியைப் பளிச்சென்று கழுவினாள். பழைய பொட்டின் சிவப்பும் அதோடு போய்விட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அம்மா குங்குமத்தை விரலில் தொட்டுக்கொண்டு படத்தின் முன்னால் நின்றாள். ஆள் இல்லாவிட்டால் என்ன, நின்ற இடம் இருக்கிறதே என்று நினைத்திருக்கிறாள். விரல் வாசல் பக்கம் போனது, இடது ஓரத்துக்கு. அங்கே பஸ்ஸின் பின்பக்க ஏணிதான் இருந்தது. விரல் நின்றது. பிறகு மெதுவாக மறு ஓரத்துக்கு, முன்விளக்குக்குப் போனது. அங்கேயும் வைக்கவில்லை.

"ஏட்டி, இங்க வா. இதுல என்னமோ இடிக்கி."

"என்னம்மா? நேரமாச்சு."

"வெளக்குப் பக்கத்துல நின்னாக. அது நல்லா நெனப்பிருக்கு. வாசல் பக்கமா நின்னாக. அதுவும் நெனப்பிருக்கு. இதுல வெளக்கு அடுப்படிப் பக்கம்லா கெடக்கு. ரெண்டும் எப்பிடிச் சேரும்?"

கேட்ட மாத்திரத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. ஒரு நாளில் நூற்றுக்கணக்கான பனியனில் குறை கண்டுபிடிக்கும் கண் அது, சரியான இடத்தில் விரலை வைத்துவிட்டது. நான் சொல்லியிருக்கலாம். படத்தைத் திருப்பிப் போட்டேன் அம்மா என்று ஒரே வரி. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை சொன்னதையெல்லாம் சொல்லி முடித்ததாகவும், அவள் மன்னித்து முடித்ததாகவும் நான் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அழித்தேன், தொலைத்தேன், போதாததற்கு வண்டியையும் மாற்றி நிறுத்தினேன் என்று இன்னொரு முறை அவள் முன்னால் நிற்க எனக்குத் தைரியம் இல்லை. தைரியம் இல்லாத இடத்தில் எனக்கு எப்போதும் கோபம்தான் வரும்.

"வருஷம் எத்தன ஆச்சு! ஒனக்கு மறந்திருக்கும்மா. போட்டோவுல இப்பிடித்தான் இருந்துச்சு. சும்மா போட்டுக் கொழப்பாத" என்று சிடுசிடுத்துவிட்டுச் செருப்பை மாட்டினேன்.

திரும்பிப் பார்த்தபோது அம்மா விரலில் இருந்த குங்குமத்தைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகு அந்தப் படத்துக்கு அவள் பொட்டு வைக்கவே இல்லை. வெள்ளிக்கிழமை கண்ணாடியைத் துடைப்பாள், கும்பிடுவாள், அவ்வளவுதான். எனக்கு அது நிம்மதியாக இருந்தது.

அந்த பஸ் நன்றாக ஓடியது. மறுபடி மறுபடி ஆர்டர் வந்தது. அச்சு பிசகிய பீஸ்கள், கழிவுச் சரக்கை மலிவாக விற்கும் காதர்பேட்டைக் கடைகளில் தொங்கின. எங்கள் லைன் வீட்டிலேயே இரண்டு பிள்ளைகள் அதைப் போட்டுக்கொண்டு விளையாடின. நாலைந்து மாதம் கழித்து அம்மா செக்கிங் வேலையை விட்டுவிட்டாள். கேட்டதற்கு, "முடியலட்டி" என்றாள். வயதாகிறது, கண் சோர்ந்திருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன். வீட்டிலேயே இருந்தாள். அதிகம் பேசுவதில்லை. அடுப்பை அணைத்துவிட்டேனா என்று மூன்று தடவை எழுந்து போய்ப் பார்ப்பாள். கடைக்குப் போனால் மீதிச் சில்லறையைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்து எண்ணச் சொல்வாள். நான் அதைக்கூட ஒருமுறை கேலி செய்தேன்.

இரண்டு வருஷம் இப்படிப் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் குழாயடியில் பக்கத்து வீட்டு அக்கா குடத்தை வைத்துவிட்டு என்னிடம் வந்தார். அவினாசிபாளையத்துப் பக்கத்துக்காரர், மெதுவாகப் பேசுகிறவர்.

"ஏனுங்க கண்ணு, அம்மாள ஒருக்கா டாக்டருகிட்ட காட்டுனா என்னுங்க?"

"ஏன்க்கா, என்ன ஒடம்புக்கு?"

"ஒடம்புக்கில்லீங்க. மறதி வந்துருச்சுன்னு அம்மாவே சொல்லுதுங்க. புருசன் நின்ன எடமே எனக்கு மறந்து போச்சு, எங்கண்ண நானே நம்ப முடியல, இனி யாரு சட்டையில என்ன குத்தம் இருக்குன்னு நான் எப்புடிச் சொல்றதுங்குது. அதனாலதான வேலைய வுட்டுச்சு. ஒங்ககிட்டச் சொல்லலீங்களா?"

குடத்தைக் குழாயடியிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். "அம்மா, இங்க வா" என்று கையைப் பிடித்து இழுத்து வந்தேன். சுவரில் இருந்த படத்தை இறக்கிக் கட்டிலில் சாய்த்து வைத்தேன். தலைசீவும் கண்ணாடியை எடுத்து அதன் எதிரே பிடித்தேன்.

"கண்ணாடிக்குள்ள பாரும்மா."

கண்ணாடிக்குள் பஸ் திரும்பிக்கொண்டது. மூக்கு இடது பக்கம் வந்தது. முன்விளக்கு இடது ஓரத்துக்கு வந்தது. அதன் பக்கத்தில் ஒரு சாண் தள்ளி வெறும் தரை.

அம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டுக் கண்ணாடியை என்னிடமிருந்து வாங்கினாள். வெகு நேரம் பார்த்தாள். பிறகு அந்த வெறும் தரைக்கு மேலே, ஓர் ஆளின் நெற்றி இருக்கும் உயரத்தில், கண்ணாடி மேல் விரலை வைத்தாள்.

"நான்தாம்மா மாத்துனேன்" என்றேன். "பையர் கேட்டாங்கன்னு பஸ்ஸ மறுபக்கம் திருப்பிப் போட்டேன். அன்னைக்கு நீ கேட்டப்பவே எனக்குத் தெரியும். பொய் சொல்லிட்டேன். நீ சொன்னதுதான் சரி. வெளக்குப் பக்கத்துலதான், வாசல் பக்கந்தான் நின்னாங்க."

அவள் என்னைத் திட்டவில்லை. திட்ட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதாகவே தெரியவில்லை. கண்ணாடியில் வைத்த விரலை எடுக்காமலே கேட்டாள்.

"அப்ப நான் மறக்கலியாட்டி?"

"இல்லம்மா. நீ ஒண்ணுமே மறக்கல."

அப்போதுதான் அம்மா அழுதாள். படம் தொலைந்துபோனது என்று நான் சொன்ன அன்றுகூட அழாதவள்.

"ரெண்டு வருசமா தெனமும் வெளக்கு ஏத்தையில அவுக கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிட்டு இருந்தேன்ட்டி" என்றாள். "ஒங்க எடத்த மறந்துட்டேன், கோவிச்சுக்கிடாதீகன்னு."